இந்த ராட்செட் விமானம் பார்த்ததா?

செங்கல்பட்டு மாவட்டத்துத் தாம்பரத்துக்கும் பழைய விமானங்களுக்கும் நெடுநாள் பழக்கம். விமானப்படையின் பறக்கும் பயிற்றுநர் பள்ளி 1954-இல் இங்கே வந்தது. மெக்கானிக்குகளுக்கான பயிற்சி நிலையமும் இங்கே உண்டு. அந்தப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு விநோதமான ராட்செட் கிடைத்தால், "விமானத்து சாமானோ?" என்று ஆசை வருவது சகஜம்தான். ஆனால் ஆசையை நம்பாமல் கருவியைப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. டைகர் மாத் பிரிட்டிஷ் விமானம், டகோட்டா அமெரிக்க விமானம். இரண்டின் நட்டுகளும் வேறு வேறு. பழைய பிரிட்டிஷ் சாக்கெட்டில் '1/4 டபிள்யூ' என்று இருந்தால் அது போல்ட்டின் தடிமன், சாக்கெட் வாயின் அகலம் அல்ல! வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மி.மீ. அந்த நட்டுக்கு இன்றைய 13 நுழையாது. 14 லொடலொடக்கும், நட்டின் முனைகளை மழுக்கிவிடும். அமெரிக்க சாக்கெட்டில் எழுதியிருப்பதோ வாயின் அகலமேதான்.

அடுத்தது முத்திரை. அம்புமுனை இருந்தால் பிரிட்டிஷ் அரசின் சொத்து, அவ்வளவுதான். ராணுவ லாரிக்கும் அதே அம்புதான். கிரீடமும் 'ஏ.எம்.' எழுத்துகளும் இருந்தால் அது விமான அமைச்சகத்தின் சாமான்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். டகோட்டாவின் எஞ்சின் ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக 14 சிலிண்டர்கள். அவற்றின் அடியில் இருக்கும் நட்டுகளுக்கு நேரான கருவி எட்டாது. அதனால் கைப்பிடியை வளைப்பார்கள், சாக்கெட்டின் சுவரைத் தேய்த்து மெலிதாக்குவார்கள். வளைவின் மேலும் முலாம் சீராக இருந்தால் அநேகமாகக் கம்பெனி வேலை. கம்பெனிப் பெயரே பாதி தேய்ந்து, அரத்தின் கீறல் தெரிந்தால் யாரோ ஒரு மெக்கானிக்கின் கைவேலை. மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உளி முனையைப் பார்த்தால் அது என்ன வேலைக்கு என்று தெரிகிற மாதிரி, இந்த வளைவும் எந்த நட்டுக்காக என்று சொல்லிவிடும்.

அந்தக் கடற்கரையின் உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உடனே கிரைண்டரை எடுத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். முத்திரையும் அரக்கீறலும் போனால் அடையாளமே போச்சு. தவிர, போர்க்காலக் கருவிகள் பலவற்றில் காட்மியம் முலாம் உண்டு. அதன் தூள் நச்சு. துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். எங்கே வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். நாளை அளந்து பார்க்கப் போகிறவருக்கு அது உதவும்.