ஒரு மெழுகுவர்த்தி போதும்

ஜூலைக் கடைசியில் புக்கிட் மெர்தாஜாம் போனால் கூட்டத்தைத்தான் பார்க்கலாம். 26ஆம் தேதி புனித அன்னம்மாள் திருநாள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக மக்கள் வந்து இறங்குவார்கள். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என்று பூசைகள் நடக்கும். இரவில் மெழுகுவர்த்திப் பவனி. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் நேர்த்திக்கடனோடு வருவது இங்கே புதிதல்ல.

நான் போனது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. துணைக்குப் பெரியம்மா. பால்மரக் காட்டில் முப்பது வருடம் மரம் சீவியவர். இப்போது மகன் வீட்டு அடுக்குமாடியில் பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறார்.

பினாங்கின் பெருநிலப் பகுதியில், ஜாலான் கூலிம் ஓரமாக, மலையடிவாரத்தில் இருக்கிறது ஆலயம். முதலில் கண்ணில் படுவது 2002இல் கட்டி முடித்த பெரிய ஆலயம். மினாங்கபாவ் வீடுகளைப் போல் கொம்பு வளைந்த கூரை. 2019இல் இதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. ஆனால் பெரியம்மாவின் கால்கள் நேராகப் போனது 1888இல் கட்டிய பழைய ஆலயத்துக்கு. அவசரகாலத்தில் இந்த வட்டாரம் கட்டுப்பாட்டுப் பகுதியானபோது பல ஆண்டுகள் மூடிக் கிடந்த இடம் இது. 

அன்னம்மாள் யார்? கன்னி மரியாளின் தாய், இயேசுவின் பாட்டி. பைபிளில் அவர் பெயரே இல்லை. பழைய மரபுவழிக் கதைகளில்தான் வருகிறார். போதித்ததாகவோ புதுமை செய்ததாகவோ வேதத்தில் ஒரு வரி கிடையாது. ஒரு பிள்ளையைப் பெற்று ஒழுங்காக வளர்த்தவர் என்பதற்காகவே அவரை நினைக்கிறார்கள். பாட்டிகளுக்கு இந்த இடம் ஏன் பிடிக்கிறது என்று அப்போது புரிந்தது.

மெழுகுவர்த்தி வாங்கும் இடத்தில் நான் ஐந்து எடுத்தேன். வேலை, கடன், உடம்பு, தம்பியின் படிப்பு, இன்னொன்று. பெரியம்மா ஒன்றே ஒன்று எடுத்தார்.

“எதுக்குக் கண்ணு இத்தன? ஒருவாட்டி சொன்னா சாமிக்குக் காது கேக்காதா?”

ஏற்றி வைத்தார். இயேசு கற்றுத் தந்த செபத்தை ஒருமுறை சொன்னார். குழாயில் வரும் மலை ஊற்று நீரை இரண்டு கை அள்ளிக் குடித்தார். “சரி, வா, செத்த உக்காருவோம்” என்றார். அவ்வளவுதான் அவருடைய திருயாத்திரை.

ஐந்தாவது மெழுகுவர்த்தி எதற்கு என்று நான் சொல்லவில்லையே? அந்த வாரம் எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருந்தது. இணையச் சூதாட்டத் தளம் ஒன்றுக்கு முப்பது விநாடி விளம்பரக் குரல். பெயர் போட மாட்டார்கள். பணம், என் இரண்டு மாதச் சம்பளம். “யாருக்கும் தெரியாது, எல்லாரும் செய்றதுதான்” என்றார் இடைத்தரகர். காடித் தவணையும் வாடகையும் தலைக்கு மேல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலையில் லாரி ஓட்டிக்கொண்டே என் வணக்கத்தைக் கேட்கும் அண்ணன்மார் எத்தனை பேர்! அதே குரல் இரவில் அவர்களைப் பணம் கட்டச் சொல்லிக் கூப்பிடுவதா?

பெஞ்சில் உட்கார்ந்து பெரியம்மாவிடம் சொன்னேன். அவர் வேதம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

“அது ஒன் குரலுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட நான் சொல்லிக்கலாமா?”

“முடியாது, பெரியம்மா.”

“அப்ப என்ன யோசன?”

பெரியம்மா சொன்ன அந்தச் செபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடம் ஆகாது. என் தொழில் கணக்கில் இரண்டு விளம்பர நேரம். அதில் உணவு கேட்கிறோம். இன்றைக்கு வேண்டியதை மட்டும். சோதனையில் விழாமல் காக்கவும் கேட்கிறோம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்ததில் காரணம் இருக்கிறது என்று தோன்றியது. பத்து வருடச் சோற்றை இன்றே சேர்த்துவிடத் துடிக்கும்போதுதான் சோதனை கதவைத் தட்டுகிறது. விசுவாசம் சிக்கலாவதும் அங்கேதான். இன்றைய சோற்றோடு நிறுத்திக்கொண்டால் பல கேள்விகளுக்குப் பதில் சுலபம்.

“மன்னிக்கவும், செய்ய இயலாது” என்று அங்கிருந்தே குறுஞ்செய்தி அனுப்பினேன். புதுமை எதுவும் நடக்கவில்லை. தவணைத் தேதி தவறாமல் வந்தது. இரண்டு கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளராக நின்று அந்த மாதத்தைச் சமாளித்தேன். தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நிலையத்திலிருந்து ஆலயத்துக்குக் காடி பிடித்துக்கொள்ளலாம். திருநாளின் அழகு வேறு. அமைதி வேண்டுமானால் வார நாளில் போங்கள். மலையில் சிலுவைப்பாதை ஏறுவதானால் வெயிலுக்கு முன் தொடங்குங்கள். ஊற்று நீர் பிடிக்க ஒரு போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். எத்தனை மெழுகுவர்த்தி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.