பூங்காவுக்குள் ஒரு தையற்கூடம்

புதுச்சேரிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவுக்கும் ஒரு நாள் காலையில் போகலாம். செல்போனில் மாட்டும் சின்ன மேக்ரோ லென்ஸ் இருந்தால், கண்ணுக்குத் தப்பும் இன்னொரு ஊரே அங்கே தெரியும்.

மரக்கிளையில் பச்சை இலைகள் பந்துபோல ஒட்டியிருந்தால், அது முசுறு எறும்பின் கூடு. சில எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். மற்றவை தங்கள் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கும்.

அருகிலேயே ஓர் 'எறும்பு' முன்கால்களை உணர்கொம்புபோலத் தூக்கி ஆட்டுகிறதா? கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது எறும்பு வேடம் போட்ட சிலந்தி!

வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது. குளிர்ந்த நேரத்தில் பூச்சிகள் மெதுவாக நகரும். மேக்ரோவில் மிகக் குறைந்த ஆழமே தெளிவாகப் பதியும் என்பதால், இலை லேசாக அசைந்தாலும் படம் மங்கிவிடும். கண்ணில் ஃபோகஸ் வைத்து, பொறுமையாகக் காத்திருங்கள்.

நல்ல படம் வேண்டுமென்று கூட்டை மட்டும் பிரித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பவை முட்டைகளும் புழுக்களும். அவற்றுக்கு அதுதான் வீடு.