ஏலகிரியில் ஒரு மழை இரவு... 12-க்கு 15 தார்ப்பாயால் வந்த வினை!

நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். "ஏய், அடியில தண்ணி ஓடுதுடி" என்று அம்மா என் தோளைத் தட்டினார். தூக்கக் கலக்கத்தில் கையை ஊன்றினேன். கூடாரத்தின் தரை தண்ணீர் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தது. பக்கத்தில் தம்பி இருமிக்கொண்டிருந்தான். அவனுக்கு வீசிங் உண்டு. ஈரம் ஆகவே ஆகாது.

தம்பியின் காலாண்டு விடுமுறைக்கு எங்காவது போகலாம் என்றபோது, "டென்ட்ல தங்கலாம்" என்று வீட்டில் அடம்பிடித்தது நான்தான். "மழை வந்தா பையனுக்கு ஒத்துக்காதே" என்று அப்பா தயங்கினார். "அடியில விரிக்க நல்ல தார்ப்பாய் வாங்கிட்டேன், ஒரு சொட்டு உள்ளே வராது" என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்.

சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, ஓரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தம்பி தமிழ்ப் பாடத்தை ஒப்பிப்பதுபோல வாசித்துக்கொண்டே வந்தான். சுமார் 1,100 மீட்டர் உயரம்தான் என்பதால் ஊட்டி மாதிரி நடுக்கும் குளிர் கிடையாது. புங்கனூர் ஏரியில் படகு, மதியம் சாப்பாடு. பிறகு தெரிந்தவர் ஒருவரின் பலாத்தோப்பில், அவர் அனுமதியோடு வாடகைக் கூடாரத்தை நட்டோம். சரளைக்கல் கலந்த செம்மண் தரை. வானம் பளிச்சென்று இருந்தது.

கூடாரத்தின் தரை 7-க்கு 8 அடி. நான் பாரிமுனையில் வாங்கிப் போயிருந்த நீலத் தார்ப்பாய் 12-க்கு 15. பெரிதாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்பது என் கணக்கு. கூடாரத்தைச் சுற்றி முற்றம் மாதிரி விரிந்து கிடந்ததைப் பார்க்க அழகாகவே இருந்தது. செருப்பு விடக்கூட இடம் கிடைத்ததே என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன்!

மழை பதினொரு மணிக்குப் பிடித்தது. கூடாரத்தின் மேல்துணி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால், அதில் வழிந்த தண்ணீர் மண்ணில் விழாமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயில் விழுந்தது. மண் என்றால் உறிஞ்சியிருக்கும். தார்ப்பாய் எப்படி உறிஞ்சும்? தண்ணீர் அப்படியே சரிந்து கூடாரத்துக்கு அடியில் போய்த் தேங்கிவிட்டது. கீழே தார்ப்பாய், மேலே கூடாரத் தரை. இரண்டுக்கும் நடுவில் சிக்கிய தண்ணீர் எங்கும் போக முடியாமல், நாங்கள் நான்கு பேர் படுத்து அழுத்திய அழுத்தத்தில் தையல் வழியாக மேலே கசிந்தது. நாங்கள் விரித்திருந்த ஜமுக்காளம் மொத்தத்தையும் குடித்துவிட்டது.

அப்பா தம்பியைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு தோப்புக்காரர் வீட்டுத் திண்ணைக்கு ஓடினார். இன்ஹேலர் நல்லவேளையாக என் பையின் வெளிப்பக்க ஜிப்பிலேயே இருந்தது. அரைமணி நேரத்தில் இருமல் அடங்கியது. அந்த அரைமணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை.

திரும்பி வந்தால், அம்மா கொட்டும் மழையில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறார். முளைகளைப் பிடுங்கி, ஒரு பக்கம் தூக்கித் தண்ணீரை வடித்துவிட்டு, தார்ப்பாயின் ஓரங்களைக் கூடாரத்துக்கு அடியில் மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். "நெல்லு காயப்போட்ட தார்ப்பாய்ல மழை பெய்ஞ்சா தண்ணி நடுவுலதானே வந்து நிக்கும்? இதுகூடத் தெரியாம என்ன படிச்ச?" என்றார். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் களத்துமேட்டில் வளர்ந்தவர். டிப்ளமோ படித்த நான் பதில் பேசவில்லை.

அம்மா செய்ததுதான் சரி. அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத் தரையைவிடச் சுற்றிலும் இரண்டு, மூன்று அங்குலம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே ஒரு விளிம்புகூடத் தெரியக் கூடாது. கடையில் பெரும்பாலும் 6-க்கு 9, 9-க்கு 12 என்று தயார் அளவுகள்தான் இருக்கும். மிஞ்சுவதை மேல்பக்கம் மடிக்காமல் மண்ணைப் பார்த்துக் கீழ்ப்பக்கம் மடிக்க வேண்டும். மேலே மடித்தால் அந்த மடிப்பே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவு சொன்னால் வெட்டி ஓரம் மடித்துத் தரும் கடைகளும் உண்டு. நாமே கத்தரியால் வெட்டினால் நூல் பிரியும்.

தடிமனை ஜி.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அதன் பொருள். நான் வாங்கியது 200. அந்த 12-க்கு 15 அளவுக்கு மூன்றேகால் கிலோவைத் தாண்டிவிடும். தோளில் சுமந்துபோனது நான்தான் என்பதால் நன்றாக நினைவிருக்கிறது. கார் வாசல்வரை போகும் இடமென்றால் கனமானது பரவாயில்லை. நடந்து போக வேண்டுமென்றால் 120 போதும். நெசவில்லாத வெறும் பிளாஸ்டிக் ஷீட் ஒரு முள்ளுக்கே கிழிந்துவிடும். பழைய ஃப்ளெக்ஸ் பேனர் இலவசமாகக் கிடைக்கும், உறுதியும்கூட. ஆனால் கனம், வழுக்கல் இரண்டும் உண்டு. தலைவர் முகத்தின் மேல் படுத்துத் தூங்குவதும் எனக்குச் சரிப்படாது. எதை வாங்கினாலும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் புள்ளியாக வெளிச்சம் தெரியும்.

இன்னொன்று, தார்ப்பாய் ஈரத்தையும் கல் குத்துவதையும் தடுக்குமே தவிர, தரைக் குளிரைத் தடுக்காது. அதற்குக் கூடாரத்துக்கு உள்ளே ஃபோம் பாய் வேண்டும். காலையில் மடிக்கும்போது அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மழையே இல்லாத நாளிலும் மண்ணின் ஆவி பட்டு நனைந்திருக்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். வீசிங் பிள்ளை இருக்கும் வீட்டில் மழையைவிட அது மோசம்.

ஜனவரியில் மறுபடி அதே தோப்புக்குப் போனோம். கொஞ்சம் மேடான இடமாகத் தேடி, கற்களைப் பொறுக்கிவிட்டு, 9-க்கு 12 தார்ப்பாயைக் கீழ்ப்பக்கம் மடித்து விரித்தோம். அம்மா நான்கு மூலையையும் ஒருமுறை சுற்றி வந்து சரிபார்த்த பிறகுதான் தம்பியை உள்ளே விட்டார். அன்றைக்கு மழை பெய்யவில்லை.

அந்த 12-க்கு 15 இப்போது எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. வடாம் காயப்போட அளவு ரொம்பச் சரியாக இருக்கிறதாம்.