வேட்டையில்லா ஊரில் ஒரு வேட்டைக் கத்தி

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

எங்கள் வ. புதுப்பட்டிப் பக்கம் அடுப்படியில் அரிவாள்மனை, தோப்பில் அரிவாள். இந்த இரண்டும் இருந்தால் போதும், வேறு கத்தி தேவைப்படாது. மூன்றாவதாக ஒன்றை என் தாய்மாமா துபாயிலிருந்து கொண்டு வந்தார். அமெரிக்காவின் 'பக்' கம்பெனி செய்த மடக்குக் கத்தி. 'ஃபோல்டிங் ஹன்டர்' என்று பெயர். அதாவது மடக்கு வேட்டைக் கத்தி. "மெக்கானிக்கல் படிக்கிற பய, உனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று என் கையில் கொடுத்தார்.

கையில் வாங்கியதும் முதலில் தோன்றியது, 'என்ன, காலிக் கூடு மாதிரி இருக்கிறதே?' என்பதுதான். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நூறு கிராமைத் தொடவில்லை! இதே கத்தியின் மூல வடிவம் 1964-இல் வந்தது. அதுவரை அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உறையில் போட்ட மடங்காத கத்தியைத்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பழைய மடக்குக் கத்தி சுமார் 200 கிராம். பித்தளைப் பூணும் மரக் கைப்பிடியும் கொண்டது. என்னிடம் வந்ததில் பித்தளையும் இல்லை, மரமும் இல்லை, கைப்பிடி முழுக்க நைலான். பித்தளை கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம், நைலானோ ஒன்றரைக்கும் கீழே. எடை எங்கே போனது என்று நம் வகுப்பில் யாரும் சொல்லிவிடலாம்.

அடுத்து அதன் பூட்டு. கைப்பிடியின் முதுகில் ஒரு சின்ன நெம்புகோல். நடுவில் ஊசி, பின்பக்கம் ஸ்பிரிங். அலகை விரித்தால் நெம்புகோலின் முன்பல் அலகின் அடியில் உள்ள காடியில் 'டக்'கென்று விழுகிறது. பின்பக்கத்தை அழுத்தினால்தான் பல் எழும்பும், கத்தி மடங்கும். முதலாமாண்டில் படித்த முதல் வகை நெம்புகோல், விரல் மடங்குகிற இடத்தில் காவல் நிற்கிறது! அலகு 420 ஹெச்.சி. என்ற எஃகு. குரோமியம் சுமார் 13 சதவீதம், அதனால் எளிதில் துருப்பிடிக்காது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பிளவக்கல் அணைப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெருவிரலைக் குறுக்கே வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு அறுத்தார். சப்பட்டை மாம்பழத்தை மேல்தோல் கிழியாமல் ஒரே சுருளாகச் சீவினார். பிறகு காய்ந்த தென்னை மட்டையில் ஒரு போடு போட்டார். கத்தி துள்ளியது. "இது அறுக்கும்யா, வெட்டாது. வெட்டுறதுக்குக் கனம் வேணும்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு ஒரு பாடமே நடந்து முடிந்தது. அரிவாள் வெட்டுவது பாதி விளிம்பால், பாதி தன் எடையால். வீசும்போது கை கொடுக்கிற வேகம் அந்தக் கனத்தில் சேர்கிறது. கனத்தை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது விளிம்பு மட்டும். இழுத்து அறுக்கிற வேலைக்கு அது போதும்.

சரி, வேட்டை? எங்கள் மலையில் அந்தப் பேச்சே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சாம்பல்நிற அணில் சரணாலயமானது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்போன இராஜபாளையம் நாய்கூட இன்று வீட்டுக்குத்தான் காவல் இருக்கிறது. 2005-இல் அதற்குத் தபால்தலையே வெளியிட்டார்கள். வேட்டை போனாலும் நாய்க்கு மதிப்புப் போகவில்லை. கத்தியும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்மா அப்படி நினைக்கவில்லை. "உன் வயசுப் பையன் கையில கத்தியப் பாத்தாலே வயித்தக் கலக்குதுய்யா" என்றாள். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியின் பேரால், பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தோப்பில் சோறு போடுகிற அதே அரிவாள்! கத்தி எத்தனை கிராம் என்று நான் பார்த்தேன். அது யார் பையில் இருக்கிறது என்று அம்மா பார்த்தாள். நம் பையில் வெர்னியர் காலிப்பர் இருக்கட்டும், கால்குலேட்டர் இருக்கட்டும். கத்தி வேண்டாம்.

இப்போது அது அப்பாவின் தோப்புக் கூடையில் கிடக்கிறது. சாக்குக் கட்டு பிரிக்க, சொட்டுநீர்க் குழாய் அறுக்க, பழம் நறுக்க என்று தினமும் வேலை இருக்கிறது. அரிவாளும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்வதில்லை.

நண்பர்களே, நாளை நாமும் ஏதாவது ஒரு கருவிக்கு வரைபடம் போடப் போகிறவர்கள். 'எடையைக் குறை' என்று மேலிடம் சொல்லும். குறைக்கும் முன், அந்த எடை இத்தனை நாளும் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று, அதைப் பிடித்துப் பழகிய கையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்.