தேர் இல்லாத நாளில்

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு மலாக்கா என்றாலே மாசி மகம்தான். பொய்யாத விநாயகர் கோவிலிலிருந்து முருகன் வெள்ளித் தேரேறி, செங் சன்னாசிமலை ஆண்டவரிடம் போவார். லோரியில் வந்திறங்கிய தோட்டத்துச் சனம் பின்னாலேயே போகும். அந்த நெரிசலில் அப்பாவின் கையை விடாமலிருப்பதே பெரும்பாடு. தெருவை யார் பார்த்தது? கோலாலம்பூர்வாசியாகிப் பல காலம் கழித்து, தெருவைப் பார்க்கவென்றே ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

ஆற்றங்கரைச் சிவப்புக் கட்டடங்களிடம் அதிகம் நிற்கவில்லை. 1753இல் டச்சுக்காரர்கள் கட்டிமுடித்த கிறிஸ்து தேவாலயத்தின் முன்னால் படம் பிடிப்பவர்களின் கூட்டம். பொம்மையும் பூவுமாய்ச் சோடித்த திரிஷாக்களில் பாட்டு அலறுகிறது. 2008இல் யுனெஸ்கோ தந்த பாரம்பரியப் பட்டத்தோடு இந்தச் சத்தமும் சேர்ந்து வந்திருக்கும்.

ஜாலான் துக்காங் எமாஸில் நடை தானாகவே மெதுவாகிறது. டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில், கப்பித்தான் தெய்வநாயகம் செட்டி காலத்தில், 1781இல் எழுந்தது விநாயகர் கோவில். வானுயர்ந்த ராஜகோபுரமெல்லாம் கிடையாது. கவனிக்காமல் போனால் தாண்டிவிடலாம். கொஞ்சம் தள்ளி 1748இல் தோன்றிய கம்போங் கிலிங் பள்ளிவாசல்: கூரை ஜாவா பாணியில் அடுக்கடுக்காக, மினாரா சீனப் பகோடாவின் சாயலில். அதையும் தாண்டினால் செங் ஹூன் தெங், சீனர்களின் கோவில். ஊதுவத்திப் புகை தெருவரை வருகிறது.

விநாயகரை இங்கே அமர்த்தியவர்கள் எங்களைப்போல் பால்மரம் வெட்ட வந்தவர்கள் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே துணி விற்கக் கடல் கடந்த வணிகர்களின் வழிவந்தவர்கள். 1511இல் நகரைப் பிடித்த போர்த்துக்கீசியர், அவ்வணிகர்களில் ஒருவரான நினா சாத்துவை பெண்டஹாரா என்னும் உயர் அதிகாரியாகவே ஆக்கினார்கள். எங்கள் கதையோ 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட பிறகுதான் தொடங்குகிறது. பிரட்டுக் களமும் லயமுமாக.

மலாக்கா செட்டிகள் எனப்படும் அந்த வணிகர் வழியினரின் இன்றைய கிராமம் காஜா பேராங்கில் இருக்கிறது. 1822இல் அமைந்த முத்து மாரியம்மன் கோவிலுக்கு எதிரே சாரோங் கெபாயாவில் நின்ற ஓர் அம்மாள், "சூடா மாக்கான்?" என்று சாப்பாட்டை விசாரித்தார். தமிழில் பேசிப் பார்த்தேன்; சிரித்துவிட்டு மலாயிலேயே தொடர்ந்தார். பெயர்களில் பிள்ளையும் நாயக்கரும் படையாச்சியும் இருக்க, வீட்டுப் பேச்சு மலாய். 'தமிழை விட்டவர்கள்' என்று தோட்டத்தில் இளக்காரமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. போகியன்று வாழையிலை விரித்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். ஆண்டு நடுவில் பழக்காலம் வந்தால் டுரியானும் மங்குஸ்தினும் வைத்து இன்னொரு படையல். தோட்டத்துப் பள்ளி எங்களுக்கு எழுத்தைக் கொடுத்தது, உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் போகிப் படையல் பாட்டியோடு போய்விட்டது. என் தாத்தாவின் தகப்பனார் பெயரே எனக்குத் தெரியாது. இதில் எதை விட்டவர் யார் என்று கணக்குப் பார்த்தால் எங்கள் பக்கமும் பற்று நிறையவே இருக்கும்.

போகிறவர்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை தவிர்ப்பது நல்லது; ஜோங்கர் இரவுச் சந்தைக் கூட்டத்தில் பழைய தெருக்களில் கால் வைக்க இடமிராது. மே மாதம் காஜா பேராங்கில் மாரியம்மனுக்குத் திருவிழா. தாத்தோ சாச்சார் என்கிறார்கள். அதற்குக் கட்டாயம் வரும்படி அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.