மூன்றாவது கேமரா

பேத்தி கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. வீடியோ இப்போதுதான் கைக்கு வந்தது.

கல்யாணச் செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பு எனக்கு. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்? வீடியோ என்ற வரிக்கு நேரே இருந்த தொகையைப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். "மாப்பிள்ளை ஒருத்தர்தானே, மூணு கேமரா எதுக்குப்பா?" என்று வீடியோக்காரப் பையனைக் கேட்டேன்.

அவன் பொறுமையாகச் சொன்னான். ஒன்று மேடைக்குக் கீழே, முகங்களை நெருக்கத்தில் எடுக்க. இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பெண் பின்னாலேயே நடப்பார். மூன்றாவது பின்சுவர் ஓரம் ஸ்டாண்டில், மண்டபம் முழுவதும் தெரிகிற மாதிரி, ஆளில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றிலும் கலர் அளவை ஒன்றாக வைக்காவிட்டால், ஒரே புடவை ஒன்றில் மாம்பழ நிறமாகவும் மற்றொன்றில் எலுமிச்சை நிறமாகவும் தெரியுமாம். ஆரம்பத்தில் ஒரு முறை கை தட்டுவார்கள். அந்தச் சத்தத்தை அடையாளமாக வைத்து, மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்துக்குப் பொருத்துவார்கள்.

"தாலி ஒரு தடவைதான் தாத்தா கட்டுவாங்க. இன்னொரு தடவை கட்டுங்கன்னு கேட்க முடியாதே" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன். காரணம், 1998-இல் நடந்த என் மகள் கல்யாணம். அப்போது ஒரே கேமரா, வி.எச்.எஸ். கேசட், கண் கூசும் விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லோரும் அட்சதையோடு எழுந்தார்கள். கேசட்டில் இன்றும் தெரிவது ஒரு பெரியப்பாவின் சட்டை முதுகு மட்டும்தான். பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற என் அம்மா அதில் இல்லை. அடுத்த வருஷம் அம்மாவே இல்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சுச் சட்டப்படி நடக்கும் கல்யாணத்தில் குறைந்தது இரண்டு தெமுவான், அதாவது சாட்சிகள், கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சாட்சி போதாது என்பதை முன்பே யோசித்திருக்கிறார்கள். அந்த நியாயம் கேமராவுக்கும் பொருந்தும் என்று அன்று தோன்றவில்லை.

போன மாதம் அந்தப் பையன், "முக்கியமான சொந்தக்காரங்க யார் யார்னு காட்டுங்க, அவங்களை வெட்டாம வைக்கிறேன்" என்று என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தான். முதல் இரண்டு கேமராவிலும் எல்லாம் அழகாக இருந்தன. மூன்றாவதை ஓட்டினான். நாற்காலிகள், ஓடும் குழந்தைகள், சாப்பாட்டுக் கூடத்துக்கு முந்தும் கூட்டம். அங்கே, தூண் ஓரத்தில், வெள்ளைச் சட்டையில் ஓர் ஆள்.

என் தம்பி.

வீட்டுப் பாகப்பிரிவினையில் பேச்சு நின்று பதினான்கு வருஷம். பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பினேன். வரவில்லை என்றே நினைத்திருந்தேன். படத்தில் அவன் அட்சதை தூவுகிறான். எட்டாது என்று தெரிந்தும் மேடையைப் பார்த்துத் தூவுகிறான். துண்டால் முகத்தைத் துடைக்கிறான். சாப்பிடாமல் வாசல் பக்கம் போய்விடுகிறான். அப்போது முதல் கேமராவில் நான் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

"இவர் யாரு தாத்தா? வெட்டிடலாமா?" என்றான் பையன்.

"அதை வைப்பா. முழுசா வை."

மறுநாள் காலை முத்தியால்பேட்டைக்கு ஆட்டோ பிடித்தேன். கையில் ஒரு தாம்பூலப் பை. கதவைத் திறந்தவன் ஒன்றும் பேசவில்லை. "சாப்பிடாமப் போயிட்டியேடா" என்றேன். உள்ளே திரும்பி, அண்ணனுக்குக் காப்பி போடச் சொன்னான்.

உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால், செலவைக் குறைக்க அந்தப் பின்சுவர்க் கேமராவை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மேடையில் இருப்பவர்களை எல்லோரும் பார்க்கிறார்கள். தூண் ஓரத்தில் நிற்பவரைப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கிறது.