பிளஸ் எந்தப் பக்கம்?

புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்கொட்டகையில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. 1961ஆம் ஆண்டு வண்டி. 948 சிசி எஞ்சின். எண் பட்டையில் பேராக்கின் 'ஏ'. பள்ளி நாள்களில் நண்பர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த வண்டியோடு 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நான் பட்ட பாட்டை இந்த மலரில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியின் முதல் சொந்தக்காரர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிராணியார். தாத்தா அங்கே லோரி ஓட்டினார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று ஆனபோது பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். கிராணியாரும் அவர்களில் ஒருவர். பாதிப் பணத்தைச் சீட்டு எடுத்துக் கொடுத்த தாத்தா, மீதியை மாதாமாதம் மணியார்டரில் அனுப்பி அடைத்தாராம். இப்போது அந்தத் தோட்டத்தில் லயங்கள் இல்லை. பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு அந்த வண்டியில்தான் தாத்தா போவார்; வேறு எதிலும் ஏற மாட்டார்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நிறுத்திய வண்டி, மூன்று ஆண்டுகள் அசையவில்லை. நான் மின்பொறியியலில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தேன். "தம்பி, நீதான் கரண்டு படிக்கிறியே, பாரு" என்றார் தாத்தா.

இந்தக் காலத்து வண்டிகளைப் போல இதில் சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றாது. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்கும். அது நின்றதும் டேஷ்போர்டில் உள்ள குமிழை இழுக்க வேண்டும். குமிழின் மறுமுனையில் இருக்கும் கம்பி, கனத்த சுவிட்ச் ஒன்றை அழுத்தும். பேட்டரியிலிருந்து விரல் தடிமன் வயர் வழியாக மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் பாயும். ரிலே கிடையாது, கணினி கிடையாது. இவ்வளவு எளிய வயரிங்கை என் பாடப்புத்தகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

பழைய பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றினோம். பம்ப் அடித்தது. முன்விளக்கு பளிச்சென்று எரிந்தது. குமிழை இழுத்தால் மட்டும் 'உம்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான். "பேட்டரி செத்துடுச்சு தாத்தா. விளக்குக்குப் போதும், ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல வேணும்" என்று விளக்கம் கொடுத்தேன். தாத்தா தலையைச் சொறிந்துகொண்டு, "குமிழ இழுக்கறப்ப லைட்டு மங்கலையே தம்பி" என்றார்.

அந்த ஒரு வரியில் விடை இருந்தது. பேட்டரி பலவீனமாக இருந்தாலும், ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் ஃபிளைவீலில் சிக்கிக்கொண்டாலும், இழுத்தவுடன் விளக்கு மங்கும். மங்கவே இல்லை என்றால் மின்சாரம் போகவே இல்லை என்று அர்த்தம். பாதை எங்கோ அறுந்திருக்கிறது. எனக்கு அது காதில் ஏறவில்லை. பி.டி.பி.டி.என் கடன் பணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துப் புது பேட்டரி வாங்கி வந்தேன். நானே மாட்டினேன். சிவப்பு வயர் பிளஸ், எர்த்து மைனஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தாத்தாவுக்குக் கண்புரை அறுவை ஆனபிறகு தூரத்துப் பார்வை நல்ல தெளிவு. கிட்டத்தில் இருக்கும் எழுத்துதான் கரைந்துபோகும். போனட்டுக்குள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிளஸ் எந்தப் பக்கம் மாட்டின?"

"சரியாத்தான் மாட்டியிருக்கேன் தாத்தா."

புது பேட்டரிக்கும் அதே முனகல்தான். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து மீட்டரை எடுத்தேன். ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையை வண்டியின் உடலிலும் வைத்து, தாத்தாவைக் குமிழை இழுக்கச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இந்த வண்டியில் மின்சாரம் பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் இடையே உடலின் இரும்பு வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். ஆனால் எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் கட்டைகள்மேல். ரப்பர் மின்சாரத்தை விடாது. அதனால் எஞ்சினையும் உடலையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. அடியில் படுத்துப் பார்த்தேன். கியர்பெட்டிப் பக்கம் அந்தப் பட்டை பச்சை பூத்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சோக் கம்பியைத் தொட்டால் சுட்டது. வேறு வழி கிடைக்காத மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகப் போகப் பார்த்திருக்கிறது. பால்மரம் வெட்டியே வளர்ந்த குடும்பத்துக்கு ரப்பர் இப்படி ஒரு வேலையும் வைத்திருக்கிறது என்று தாத்தாவிடம் சொல்லிச் சிரித்தேன். 1877இல் கோலகங்சாரில் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறதே, அதைப் போய்க் கேள் என்றார்.

புதுப் பட்டை போட்டேன். குமிழை இழுத்ததும் எஞ்சின் உருண்டது. நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! பாட்டி ஓடிவந்து கற்பூரம் கொளுத்தப் போனார். நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

போனட்டிலிருந்து புகை வந்தது. சாவியை அணைத்தேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நான் நிற்க, தாத்தா ஸ்பேனரோடு வந்து, பார்க்காமலேயே பேட்டரி முனையைத் தடவிக் கழற்றினார்.

மோரிஸ் மைனரில் பிளஸ்தான் எர்த்து. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பலவும் அப்படித்தான். நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். ஸ்டார்ட்டர் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. சீரீஸ் மோட்டாரில் இரண்டு சுருள்களிலும் மின்சாரம் சேர்ந்தே திரும்புவதால் அது அதே திசையில்தான் சுற்றும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். டைனமோ அப்படி இல்லை. அதன் இரும்பில் மிஞ்சியிருக்கும் பழைய காந்தம் பழைய திசையையே வைத்திருக்கும். வேகம் கூடியதும் கட்-அவுட் மூடிக்கொள்ள, டைனமோவும் பேட்டரியும் ஒன்றோடொன்று மோதி, தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. அந்த வயர் சாவி வழியாகப் போவதில்லை. அணைத்தும் புகை நிற்காததற்கு அதுதான் காரணம்.

சிலிபின் பக்கத்திலிருந்து ஒரு சீனத்து ஃபோர்மன் வந்தார். தாத்தாவை நாற்பது ஆண்டுகளாக 'அண்ணே' என்று கூப்பிடுபவர். கருகிய கட்-அவுட் பெட்டியைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தாத்தா மலாயில் சொல்லிவிட்டார்: "சாயா சாலா பாசாங், தவுக்கே." நான்தான் மாற்றி மாட்டிவிட்டேன் என்று.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஃபோர்மன் பழைய சாமான் கடையில் தேடி ஒரு கட்-அவுட் பெட்டி கொண்டுவந்தார். பேட்டரியைத் திருப்பி மாட்டினார். டைனமோவின் சின்ன முனையில் ஒரு வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தார், பொறி பறந்தது. காந்தத்துக்குத் திசையை மறுபடி சொல்லிக்கொடுக்கும் வேலை அது. மாலைக்குள் வண்டி ஓடியது.

ஆனால் 'தாத்தா மாற்றி மாட்டிவிட்டார்' என்ற செய்தி அதற்குள் சித்தப்பாவின் காதுக்குப் போயிருந்தது. "கண்ணு தெரியாம வயர்ல கை வைக்கிறீங்க. நாளைக்கு ரோட்டுல என்ன ஆகும்?" என்று சத்தம் போட்டுச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பிள்ளை. பாட்டி எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அதையெல்லாம் நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

திருவிழாவுக்குச் சித்தப்பாதான் வண்டியை ஓட்டினார். தாத்தா இடது பக்கம் உட்கார்ந்தார். அந்த வண்டியில் அவரை அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. செம்பனைக் காட்டுக்குள் திரும்பும் இடத்தில் அவருடைய வலது கால் தானாக ஒருமுறை பிரேக்கைத் தேடியது.

சாவி இன்னும் சித்தப்பாவிடம்தான் இருக்கிறது. மலர் வெளிவந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோவேன். எழுத்து சின்னது, தாத்தாவுக்குத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனால் சித்தப்பாவும் இருப்பார்.